வெட்டுத்துண்டை வைப்பதா, நீக்குவதா? சுருள்வில் அளவீட்டில் ஒரு குழப்பம்

வரைதாள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சுருள்வில்லின் விசை மாறிலியைக் கண்டுபிடிக்கும் பழைய சோதனைதான். வில்லை மேலே மாட்டி, கீழே எடைகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, வில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்தேன். கிடைத்த எண்கள் இவை:

50 கிராம்: 1.6 செ.மீ.
100 கிராம்: 3.3
150 கிராம்: 5.1
200 கிராம்: 7.6
250 கிராம்: 9.5
300 கிராம்: 11.2
350 கிராம்: 13.7
400 கிராம்: 15.2

ஹூக் விதிப்படி நீட்சி எடைக்கு நேர்விகிதம். எடை சுழி என்றால் நீட்சியும் சுழி. அதனால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் நேர்க்கோடு பொருத்தும் எல்எம் கட்டளையைக் கொடுக்கும்போது வெட்டுத்துண்டு (எடை சுழியாகும்போது கோடு காட்டும் நீட்சி) வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாய்வு கிராமுக்கு 0.03785 செ.மீ., ஆர் வர்க்கம் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9988. அதிலிருந்து விசை மாறிலி மீட்டருக்கு 25.9 நியூட்டன்.

அப்புறம் சும்மா பார்க்கலாம் என்று வெட்டுத்துண்டோடும் ஒருமுறை ஓட்டினேன். சாய்வு 0.03986, வெட்டுத்துண்டு −0.57 செ.மீ., ஆர் வர்க்கம் 0.9979. விசை மாறிலி 24.6 என்று வருகிறது.

ஒரே எட்டுப் புள்ளிகள்தான், ஆனால் விடையில் ஐந்து விழுக்காடு வித்தியாசம். ஆர் வர்க்கம் முதல் கோட்டுக்குத்தான் அதிகம், விதியும் அதைத்தான் சொல்கிறது. அப்படியானால் முதல் விடையை எழுதிவிடலாமா?

---

சாய்வுக்கோடு எழுதியது:

எழுதலாம் என்றே நினைக்கிறேன். எடை இல்லாமல் வில் நீளாது என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்ததை மென்பொருளிடம் சொல்வதில் தப்பில்லை. ஒரு மாறிலியைக் குறைவாகக் கேட்டால் இருக்கும் புள்ளிகள் இன்னொன்றைத் துல்லியமாகச் சொல்லும்.

---

மீதிக்கணக்கு எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். இந்த இரண்டு ஆர் வர்க்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆர் வர்க்கம் என்பது ஒரு ஒப்பீடு. உங்கள் கோட்டுக்கு எதிராக, எதுவுமே தெரியாதவர் போடும் கோடு ஒன்றை நிறுத்தி, அதைவிட நீங்கள் எவ்வளவு மேல் என்று கேட்கிறது. வெட்டுத்துண்டு இருக்கும்போது அந்த எதிராளி, சராசரியில் போட்ட படுக்கைக்கோடு. உங்கள் நீட்சிகளின் சராசரி 8.4. அதிலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 167.16 வருகிறது. வெட்டுத்துண்டை நீக்கியதும் ஆர் மென்பொருள் எதிராளியை மாற்றிவிடுகிறது. இப்போது ஒப்பீடு சுழியில் கிடக்கும் கோட்டோடு. நீட்சிகளின் வர்க்கங்களை அப்படியே கூட்டினால் 731.64. வகுக்கும் எண் நாலு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டதால், கோடு மோசமாகியும் விகிதம் நன்றாகத் தெரிகிறது. மென்பொருளில் பிழை எதுவும் இல்லை, அதன் ஆவணத்திலேயே இப்படித்தான் கணக்கிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

ஒப்பிட வேண்டியது எச்சங்களை. அதாவது அளந்த மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை. வெட்டுத்துண்டோடு போட்ட கோட்டில் எச்சங்களின் வர்க்கக் கூடுதல் 0.358. அது இல்லாத கோட்டில் 0.889. இரண்டரை மடங்கு! ஒரு மாறிலியை மிச்சப்படுத்தியதைக் கணக்கில் சேர்த்தாலும், எச்சத் திட்டப்பிழை (புள்ளிகள் கோட்டிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 0.24 செ.மீ.க்குப் பதில் 0.36 செ.மீ. ஆகிறது.

இன்னொன்றும் பாருங்கள். சுழி வழியாகப் போட்ட கோட்டின் எச்சங்களை எடை வரிசையில் எழுதினால்: −0.29, −0.49, −0.58, 0.03, 0.04, −0.16, 0.45, 0.06. முதல் மூன்றும் பெரிய குறை, வலப்பக்கம் போகப் போக மிகை. கோடு தொடக்கத்தில் புள்ளிகளுக்கு மேலேயும் முடிவில் கீழேயும் போகிறது. மற்ற கோட்டில் மிகை, குறை, குறை, மிகை, மிகை, குறை, மிகை, குறை என்று ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கின்றன. எச்சங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆக, எண்கள் உங்கள் விதியோடு ஒத்துப்போகவில்லை என்கின்றன. ஏன் என்பதை மென்பொருள் சொல்லாது. வில்லைப் பார்த்தவர் நீங்கள். எடை இல்லாதபோது அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா, இடைவெளி தெரிகிறதா?

---

வரைதாள் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. எதிராளி மாறுகிறார் என்பது இத்தனை நாளாக எனக்குத் தெரியாது. சுற்றுகள் நன்றாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, நடுவே ஒரு தாள்கூட நுழையாது. ஏன் கேட்கிறீர்கள்?

---

பட்டறைக்கை எழுதியது:

நான் சொல்கிறேன், இது என் தொழில். நெருக்கமாகச் சுற்றிய இழுவில்லில் தொடக்க இழுவிசை என்று ஒன்று உண்டு. கம்பியைச் சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும்படி சுற்றுவார்கள். அந்த அழுத்தத்தை வெல்லும் வரை வில் திறக்காது. அதைத் தாண்டிய பிறகுதான் நீட்சி நேர்க்கோட்டில் போகும். அதனால் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் சுழியில் போய் நிற்காது, எடை அச்சைச் சற்றுத் தள்ளி வெட்டும். உங்கள் எண்களில் 0.57-ஐ 0.03986-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 கிராம். சின்ன வில்லுக்கு நம்பக்கூடிய அளவுதான்.

ஹூக் விதி இங்கே பொய்யாகவில்லை. அதை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதுதான் மாறியிருக்கிறது.

---

சாய்வுக்கோடு எழுதியது:

ஒட்டிய சுற்றுகள் என்றால் என் முதல் பதில் தவறு, ஒத்துக்கொள்கிறேன். வில்லைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

ஆனால் 14 கிராம் என்று இப்போதே அடித்துச் சொல்வதும் அவசரம். வெட்டுத்துண்டின் திட்டப்பிழையை, அதாவது அந்த எண் எவ்வளவு தடுமாறலாம் என்பதை, நானும் போட்டுப் பார்த்தேன், 0.19 வருகிறது. எட்டுப் புள்ளிகளில் இரண்டு மாறிலிகள் போக மீதி ஆறு. அதற்குரிய பெருக்கி 2.447. எனவே 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −1.03 முதல் −0.10 வரை விரிகிறது. சுழி வெளியே இருக்கிறது, சரி. ஆனாலும் தொடக்க எடை 3 கிராமா 25 கிராமா என்றுகூட இந்த எண்களால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று. அளவுகோலின் சுழி அரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் இதே வெட்டுத்துண்டு வரும். வில்லின் தொடக்க இழுவிசையும் அளவுகோலின் சுழிப்பிழையும் கோட்டின் பார்வையில் ஒன்றுதான், இரண்டையும் அது பிரிக்காது. எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் பிரிக்காது. சின்ன எடைகளைத் தொங்கவிட்டால்தான் தெரியும். 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் முள் அசையவே இல்லை என்றால் அது வில். கோட்டின் சாய்விலேயே அசைந்தால் அது அளவுகோல்.

---

மீதிக்கணக்கு எழுதியது:

மிகச் சரியான யோசனை. நான் அந்தச் சுழிப்பிழையை யோசிக்கவே இல்லை.

---

முகில் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே எட்டு எண்களை நான் விரிதாளில் போட்டுப் போக்குக்கோடு சேர்த்தேன். சாய்வு 1.9929 என்கிறது! வெட்டுத்துண்டு மட்டும் உங்களுடையதுபோல −0.5679. எங்கே தப்பு?

---

சாய்வுக்கோடு எழுதியது:

நீங்கள் தேர்ந்தெடுத்தது கோட்டு விளக்கப்படம், சிதறல் விளக்கப்படம் அல்ல. கோட்டு விளக்கப்படத்துக்குக் கிடை அச்சில் இருப்பது வெறும் பெயர்ப்பலகை. 50, 100 என்று நீங்கள் எழுதியதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் 1, 2, 3 என்று வரிசை எண்ணை வைத்துக் கணக்கிடும். 1.9929-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.03986 கிடைக்கும். உங்கள் எடைகள் சம இடைவெளியில் இருந்ததால் தப்பித்தீர்கள். இடைவெளி சீராக இல்லாவிட்டால் கோடே வேறாகிவிடும், வகுத்துத் திருத்தவும் வழியில்லை.

அப்படியே இன்னொன்று. படத்தின் மேல் தெரியும் சமன்பாட்டைப் பார்த்து எண்களை நகலெடுக்காதீர்கள், அது சுருக்கிக் காட்டும் எண். சாய்வு சின்னதாகவும் கிடை அச்சின் எண்கள் பெரிதாகவும் இருந்தால் அந்தச் சுருக்கமே விடையைக் கெடுத்துவிடும். விரிதாளின் லைன்எஸ்ட் சார்பு சுருக்காத முழு எண்ணையும் திட்டப்பிழையையும் சேர்த்தே தரும்.

---

முகில் எழுதியது:

சரியாகிவிட்டது, நன்றி! இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுகிறேன். எடையைக் கிடை அச்சிலும் நீட்சியை நெடுக்கை அச்சிலும் வைத்திருக்கிறோம். மாற்றி வைத்தால் அதே கோடுதானே வரும்?

---

நெடுங்கணக்கு எழுதியது:

வராது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இந்தக் கோடுகளைப் போடும் மீச்சிறு வர்க்க முறை எந்தத் தூரங்களின் வர்க்கக் கூடுதலைக் குறைக்கிறது என்று பாருங்கள். புள்ளியிலிருந்து கோடு வரை, நெடுக்கை அச்சின் திசையில் மட்டும் அளந்த தூரம். கிடை அச்சின் எண்கள் துல்லியமானவை, பிழையெல்லாம் நெடுக்கை அச்சில்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. அச்சுகளை மாற்றினால் பழியும் இடம் மாறுகிறது, கோடும் மாறுகிறது.

உங்கள் வில் எண்களில் புள்ளிகள் கோட்டோடு ஒட்டியிருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சிதறல் அதிகமுள்ள எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் மென்பொருளுக்குள்ளேயே கார்ஸ் என்ற பெயரில் 50 அளவீடுகள் இருக்கின்றன. 1920களில் கார்களின் வேகத்தையும் பிரேக் போட்ட பின் நிற்க எடுத்த தூரத்தையும் பதிந்தவை. தூரத்தை வேகத்தால் விளக்கும் கோட்டின் சாய்வு 3.93, மணிக்கு ஒரு மைல் கூடினால் ஏறக்குறைய 4 அடி. இப்போது வேகத்தைத் தூரத்தால் விளக்குங்கள். சாய்வு 0.1656. அதைத் தலைகீழாக்கினால் 6.04 அடி! 3.93 எங்கே, 6.04 எங்கே. இரண்டுக்கும் உள்ள விகிதம் சரியாக ஆர் வர்க்கம், இங்கே அது 0.651. புள்ளிகள் கோட்டின் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்தால்தான் இரண்டும் ஒன்றாகும்.

கால்டன் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது பார்த்ததும் இதோடு சேர்ந்ததுதான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் சற்று இறங்கியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தால், மிக உயரமான பிள்ளைகளின் பெற்றோரும் சராசரிப் பக்கமே இருந்தார்கள். பரம்பரையில் ஏதோ தேய்வு நடக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு கோடுகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன, அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு ஆங்கிலத்தில் ஏற்பட்ட ரிக்ரெஷன் என்ற பெயரே அந்தப் பின்னோக்கிய நகர்விலிருந்து வந்தது.

இரண்டு பக்கமும் பிழை இருந்தால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. ஆட்காக் 1878-இலேயே எழுதினார், டெமிங் 1943-இல் எழுதிய நூலால் அது பரவி இன்று அவர் பெயரோடே வழங்குகிறது. ஆனால் இரு பக்கப் பிழைகளின் விகிதத்தை நாம் கொடுக்க வேண்டும். புள்ளிகளிடமிருந்து அதையும் கறக்க முடியாது.

உங்கள் சோதனையில் எடைக்கற்கள் துல்லியமானவை, நீட்சியைத்தான் கண்ணால் வாசிக்கிறீர்கள். ஆகவே இப்போது வைத்திருக்கும் அச்சுகளே சரி.

---

முகில் எழுதியது:

அப்படியானால் ஏன் வர்க்கம்? வெறும் தூரத்தைக் கூட்டக்கூடாதா?

---

நெடுங்கணக்கு எழுதியது:

கூட்டலாம். உண்மையில் அதுதான் மூத்தது. பூமியின் வடிவத்தைக் கணக்கிடும் முயற்சியில் பாஸ்கோவிச் 1757-இலேயே விலகல்களை வர்க்கமாக்காமல் கூட்டிக் குறைக்கும் வழியை முன்வைத்தார். லெஜாந்தர் வர்க்க முறையை வெளியிட்டது 1805-இல், வால்மீன் பாதைகளைப் பற்றிய நூலின் பின்னிணைப்பாக. 1809-இல் காவுஸ், இதை நான் 1795 முதலே பயன்படுத்துகிறேன் என்று எழுத, லெஜாந்தருக்கு மனவருத்தம். வர்க்கம் ஜெயித்ததற்குப் பெரிய காரணம் கணக்கு எளிது என்பது. சூத்திரத்தில் போட்டால் விடை நேராக வந்துவிடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விலகல் மூன்று மடங்கானால் அதன் குரல் ஒன்பது மடங்காகிறது. ஒரே ஒரு கெட்ட புள்ளி கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

---

மீதிக்கணக்கு எழுதியது:

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆர் மென்பொருளில் ஆன்ஸ்கம் என்ற எண் தொகுப்பை எடுத்துப் போடுங்கள். புள்ளியியலாளர் ஆன்ஸ்கம் 1973-இல் உருவாக்கிய நான்கு தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கிடை அச்சின் சராசரி 9, நெடுக்கை அச்சின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.816, கோட்டின் சாய்வு 0.5, வெட்டுத்துண்டு 3. எல்எம் கட்டளை தரும் அட்டவணையை வைத்து எது எது என்று பிரிக்கவே முடியாது. படம் போட்டால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் அழகாக ஒரே கோட்டில், ஒன்று மட்டும் மேலே எகிறி நிற்கிறது. அந்தப் பதினொன்றாவதை எடுத்துவிட்டால் சாய்வு 0.35-க்கு இறங்கிவிடும். நான்காவதுதான் பயமுறுத்துவது: பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்து வரிசையில், தொலைவில் ஒற்றைப் புள்ளி. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் சாய்வு என்ற ஒன்றே கிடையாது.

நானும் ஒரு காலத்தில் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதியவன். அளவுத்திருத்தம் ஒன்றில் புள்ளிகள் மெல்ல வளைந்திருந்தன, ஆர் வர்க்கம் 0.99-க்கு மேல். அந்தக் கோட்டை நம்பி ஒரு மாதம் முழுக்க அளந்ததையெல்லாம் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று. எச்சங்களை ஒரு தடவை படமாகப் போட்டிருந்தால் வில்லைப்போல் வளைந்த வடிவம் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் எண்களைக் கேட்டு யார் வந்தாலும் படத்தைப் போட்டீர்களா என்று முதலில் கேட்கிறேன்.

---

வரைதாள் எழுதியது:

சின்ன எடைகளை அளந்துவிட்டேன்! இந்த முறை அளவுகோலுக்குப் பின்னால் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்போது மட்டும் வாசித்தேன். வில் ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்தேன். போன முறை அந்த இரண்டையும் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

5 கிராம்: 0
10 கிராம்: 0
20 கிராம்: 0.2 செ.மீ.
30 கிராம்: 0.6
40 கிராம்: 1.0

10 கிராம் வரை முள் அசையவே இல்லை, சுற்றுகளும் திறக்கவில்லை. 20 கிராமில்தான் வெளிச்சம் தெரிந்தது. பழைய கோட்டைக் கேட்டால் 20 கிராமுக்கு 0.23, 30-க்கு 0.63, 40-க்கு 1.03 என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. பார்த்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

இப்போது மொத்தம் 13 புள்ளிகள். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் வெட்டுத்துண்டு −0.49 என்று சுருங்குகிறது, சாய்வும் 0.03958-க்கு இறங்குகிறது. புள்ளிகள் கூடினால் விடை மேம்பட வேண்டாமா?

---

சாய்வுக்கோடு எழுதியது:

அந்த இரண்டு சுழிகளையும் கோட்டுக்குள் சேர்க்காதீர்கள். அவை தவறான அளவீடுகள் அல்ல, உங்கள் சோதனையிலேயே மிக முக்கியமான இரண்டு எண்கள் அவைதான். ஆனால் அவை வேறொரு கோட்டைச் சேர்ந்தவை. வில் திறக்காத வரை நீட்சி சுழியிலேயே படுத்திருக்கும், திறந்த பிறகு ஏறும். இரண்டு துண்டுகளுக்கும் ஒரே கோடு போட்டால் அது எதையும் சரியாகச் சொல்லாது. அறிக்கையில் இரண்டு எண்களையும் கட்டாயம் எழுதுங்கள், படத்திலும் காட்டுங்கள், ஏன் கோட்டில் சேர்க்கவில்லை என்று காரணமும் எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் அது வேறு குற்றம்.

மீதி 11 புள்ளிகளை வைத்து நான் ஓட்டினேன். சாய்வு 0.03992, வெட்டுத்துண்டு −0.59, நம்பிக்கை இடைவெளி −0.81 முதல் −0.36 வரை. முன்பு இருந்த அகலத்தில் பாதிக்கும் குறைவு, மூன்றே மூன்று புள்ளிகள் சுழிக்குப் பக்கத்தில் கிடைத்ததால். விசை மாறிலி 24.5, கூடக் குறைய 0.6.

---

மீதிக்கணக்கு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. கண்ணாடி வைத்து வாசித்த மூன்றும் பழைய எட்டைவிடத் துல்லியமானவை. ஆனால் சாதாரண முறை எல்லாவற்றையும் சமமாக நம்புகிறது. துல்லியத்துக்குத் தகுந்த எடை கொடுத்து ஓட்டலாம் (தொங்கவிடும் எடை அல்ல, கணக்கில் கொடுக்கும் முக்கியத்துவம்). அப்படிச் செய்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆர் மென்பொருளின் எல்எம் கட்டளைக்கு ஒவ்வொரு அளவீட்டின் திட்டவிலக்கத்தை (அதில் எதிர்பார்க்கும் பிழையின் அளவை) வர்க்கப்படுத்தித் தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும். பைத்தானில் நம்பை நூலகத்தின் பாலிஃபிட் சார்புக்கோ வர்க்கப்படுத்தாமல் திட்டவிலக்கத்தையே தலைகீழாக்கிக் கொடுக்க வேண்டும், வர்க்கத்தை அதுவே போட்டுக்கொள்ளும். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால் எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் மாறிவிடும்.

---

வரைதாள் எழுதியது:

குறித்துக்கொண்டேன். ஆனால் பழைய எட்டுக்கும் எவ்வளவு பிழை என்று ஊகித்து எடை கொடுப்பதைவிட, அந்த எட்டையும் கண்ணாடி வைத்துத் திரும்ப அளந்துவிடுகிறேன். கற்கள் கைவசம் இருக்கின்றன, வில்லும் இன்னும் மாட்டியபடியேதான் தொங்குகிறது. ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை வாசித்துப் படத்தோடு இங்கேயே போடுகிறேன்.